40 வருஷம் இருந்த இடம் யாருடையது? இளையராஜா, பிரசாத் ஸ்டுடியோ, நம்ம வீட்டுப் பத்திரம்

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.

அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலத்துல இருந்து பேசறேன். வார நாள்ல கோடு எழுதற வேலை, ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னாடி உக்கார்ற வேலை. ரொம்ப நாளா சிலர் கேட்டுக்கிட்டே இருக்கீங்க: "பாட்டுக்காரங்க சொத்து பத்தி ஒரு எபிசோடு போடுங்க ப்ரோ. யாருக்கு எத்தனை வீடு, எத்தனை கோடி?"

வீட்டை எண்றது சுலபம். டெய்லர் ஸ்விஃப்ட்டை எடுத்துக்கோங்க. 2013ல அமெரிக்காவோட ரோட் ஐலண்ட் மாநிலத்துல கடலோரமா ஒரு மாளிகை வாங்கினாங்க. விலை சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலர். 2025ல அந்த மாநிலம், உரிமையாளர் நிரந்தரமா குடியிருக்காத விலையுயர்ந்த வீடுகளுக்குக் கூடுதல் வரின்னு சட்டம் கொண்டுவந்தப்போ, ஜனங்க அதுக்கு "டெய்லர் ஸ்விஃப்ட் வரி"ன்னே பேர் வெச்சுட்டாங்க.

இதுல எனக்கு சுவாரசியமா பட்டது வேற. அந்த மாளிகை அவங்களோடது. ஆனா அவங்க பாடின முதல் 6 ஆல்பங்களோட மூல ஒலிப்பதிவு 2025 மே மாசம் வரைக்கும் அவங்களோடது இல்ல. காசு கொடுத்துத் திரும்ப வாங்கினாங்க. வீட்டுக்கு ஓனர், தன் குரலோட பதிவுக்கு ஓனர் இல்ல.

நம்ம ஊர்ல இதுக்குத் தலைகீழா ஒண்ணு நடந்தது. பாட்டுன்னு சொன்னா அவர் பேர்தான் வரும். ஆனா அந்தப் பாட்டெல்லாம் பிறந்த அறை அவர் பேர்ல இல்ல. இளையராஜா, பிரசாத் ஸ்டுடியோ. இன்னைக்கு எபிசோடு அதுதான். கிசுகிசு கிடையாது. ஒரு இடம் யாருக்குச் சொந்தம்ங்கறதை சட்டம் எப்படிப் பாக்குதுங்கறதை இந்தக் கதையை வெச்சுப் புரிஞ்சுக்கப் போறோம். நான் வக்கீல் இல்ல. இந்த விஷயம் எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்ததால உக்காந்து படிச்ச ஒரு இன்ஜினியர், அவ்வளவுதான்.

நடந்தது என்ன?

சென்னை சாலிகிராமத்துல இருக்கு பிரசாத் ஸ்டுடியோ. அதை உருவாக்கினவர் எல்.வி. பிரசாத். சாதாரண ஆள் இல்ல. இந்தியோட முதல் பேசும் படம் ஆலம் ஆரா, தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், தெலுங்கோட முதல் பேசும் படம் பக்த பிரகலாதா, மூணுலயும் நடிச்சவர். 1982க்கான தாதா சாகேப் பால்கே விருது வாங்கினவர். 1994ல காலமானார்.

இளையராஜா 1976ல அன்னக்கிளி மூலமா வந்தார். அதுக்கப்புறம் கொஞ்ச காலத்துலயே பிரசாத் ஸ்டுடியோவுல ஒரு ஒலிப்பதிவுக் கூடம் அவர் பயன்படுத்தறதுக்குன்னே ஒதுக்கப்பட்டது. எல்.வி. பிரசாத் அவர் மேல வெச்சிருந்த மதிப்பு அதுக்குக் காரணம்னு சொல்வாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல அந்த இடத்துலதான் அவர் இசையமைச்சார். கருவி, கையெழுத்துல எழுதின இசைக் குறிப்பு, விருதுகள்னு எல்லாமே அங்கதான் இருந்தது. கோடம்பாக்கத்துல "ராஜா சார் ரெக்கார்டிங் எங்கே?"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அது பிரசாத்துலதான்.

மூணாவது தலைமுறை நிர்வாகத்துக்கு வந்தது. 2019ல தகராறு ஆரம்பிச்சுது. இடத்தைக் காலி பண்ணணும்னு ஸ்டுடியோ தரப்பு. தன்னை வெளியேத்தக் கூடாதுன்னு இளையராஜா தரப்பு. உரிமையியல் நீதிமன்றத்துல வழக்கு, போலீஸ்ல புகார், சமரச முயற்சி, அப்புறம் உயர் நீதிமன்றம்.

2020 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு உடன்பாடு. அந்த இடத்து மேல உரிமை கோரலை, வழக்குகளை வாபஸ் வாங்கறேன்னு இளையராஜா ஒத்துக்கிட்டார். பதிலுக்கு, ஒரு நாள் அந்த அறைக்குள்ள போய் தியானம் பண்ணிட்டு, பொருட்களை எடுத்துக்கிட்டு வர்றதுக்கு அனுமதி. நாப்பது வருஷத்துக்குக் கடைசியா கிடைச்சது ஒரு நாள். அந்த நாளும் நல்லபடியா முடியலை. அறை ஏற்கனவே திறக்கப்பட்டு, பொருட்கள் வேற இடத்துக்கு மாத்தப்பட்டிருந்ததா அவர் தரப்பு சொன்னது. அவர் உள்ளே போகலை.

அடுத்த சில வாரத்துலயே, 2021 பிப்ரவரியில, கோடம்பாக்கத்துல எம்.எம். ப்ரிவியூ தியேட்டரா இருந்த கட்டடத்தை வாங்கி "இளையராஜா ஸ்டுடியோ"ன்னு திறந்தார். இந்தத் தடவை தன் பேர்ல.

இதைக் கேட்டதும் நம்ம மனசு ஒரு பக்கம் சாயும். "நாப்பது வருஷமா இருந்த மனுஷனைப் போய்..."ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா சட்டம் கேக்கற முதல் கேள்வி "எத்தனை வருஷம்?" இல்ல. "எந்த வகையில இருந்தீங்க?"ங்கறதுதான்.

வாடகையா, அனுமதியா, ஆக்கிரமிப்பா?

அடுத்தவங்க இடத்துல நாம மூணு விதமா இருக்கலாம்.

ஒண்ணு, வாடகை இல்லன்னா குத்தகை. இதுல அந்த இடத்து மேல நமக்கு ஒரு உரிமை உண்டாகுது. வாடகைக்குன்னே தனிச் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும்.

ரெண்டு, அனுமதி. 1882ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டம் பிரிவு 52 இதை லைசென்ஸ்னு சொல்லுது. "நீ இங்க இருந்துக்கோ, இதைப் பயன்படுத்திக்கோ"ன்னு ஓனர் சொல்றது. அப்படிச் சொல்றதால நாம இருக்கறது தப்பில்லன்னு ஆகுது. அதுக்கு மேல நிலத்துல நமக்கு எந்தப் பாத்தியதையும் வராது. சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, லாகின் கொடுத்திருக்காங்க, அட்மின் ஆக்சஸ் கொடுக்கலை. எவ்வளவு நாள் லாகின் பண்ணினாலும் அட்மின் ஆயிட முடியாது.

மூணு, ஆக்கிரமிப்பு. யாரையும் கேக்காம உள்ள வந்து உக்காந்துக்கறது.

இப்ப ஒரு விசித்திரம். இந்த மூணுல, வெறும் காலம் ஓடறதாலயே ஓனர் ஆகிற வாய்ப்பு யாருக்கு இருக்கு? ஆக்கிரமிச்சவருக்குத்தான்!

இதுக்கு அட்வர்ஸ் பொசஷன்னு பேர். நம்ம பத்திர பாஷையில எதிரிடை அனுபவ பாத்தியம். ஒருத்தர் தனியார் நிலத்தை வெளிப்படையா, இடைவிடாம, "இது என்னோடது, உன்னோடது இல்ல"ங்கற எண்ணத்தோட 12 வருஷம் அனுபவிச்சு, உண்மையான ஓனர் அந்த 12 வருஷத்துல வழக்கே போடலைன்னா, 1963ஆம் வருஷத்து காலவரையறைச் சட்டப்படி ஓனர் அந்த நிலத்தைத் திரும்பக் கேக்கிற உரிமையை இழந்துடறார். அரசாங்க நிலம்னா 30 வருஷம்.

இதுல முக்கியமான சொல் "எதிரிடை". ஓனருக்கு எதிரா இருக்கணும். ஓனரே பிரியமா "இருந்துக்கோப்பா"ன்னு சொல்லியிருந்தா அதுல எதிர்ப்பு எங்க இருக்கு? அதனால அந்த 12 வருஷக் கணக்கு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அனுமதி நாப்பது வருஷம் ஆனாலும் அனுமதிதான்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிங்க. சண்டை போட்டு உக்காந்தவனுக்கு சட்டத்துல ஒரு வழி இருக்கு. அன்பா கூப்பிட்டு உக்கார வெச்சவருக்கு அந்த வழி இல்ல. அன்பு எவ்வளவு சுத்தமா இருக்கோ, உரிமை அவ்வளவு பலவீனமா இருக்கு. இளையராஜா விஷயத்துல நீதிமன்றம் இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு சொல்ற நிலைமை வரலை, உடன்பாட்டுலயே முடிஞ்சுது. ஆனா எந்த வக்கீல்கிட்ட போனாலும் முதல்ல சொல்ற கணக்கு இதுதான்.

அனுமதியில இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே கிடையாதான்னா, இருக்கு. அதே ஈஸ்மென்ட் சட்டம் பிரிவு 60 ஒரு விதிவிலக்கு வெச்சிருக்கு. அந்த அனுமதியை நம்பி நீங்க உங்க காசைப் போட்டு நிரந்தரமா ஏதாவது கட்டியிருந்தா, ஓனர் நினைச்ச மாத்திரத்துல அனுமதியைத் திரும்ப எடுத்துக்க முடியாது. ஆனா "நான்தான் செலவு பண்ணினேன்"னு காட்டறது உங்க பொறுப்பு. சிமெண்ட் பில்லு, கொத்தனாருக்குக் கொடுத்த காசு, கரண்ட் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்குங்கறது, இதெல்லாம் அங்க பேசும்.

இன்னொண்ணும் சொல்லணும். ஓனரா இருந்தாலும் சாமானைத் தூக்கி வெளியே வீசற உரிமை யாருக்கும் கிடையாது. அனுபவத்துல இருக்கற ஒருத்தரைச் சட்ட வழியில இல்லாம வெளியேத்தினா, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் பிரிவு 6ன் படி 6 மாசத்துக்குள்ள வழக்கு போட்டு அனுபவத்தைத் திரும்பக் கேக்கலாம். அங்க ஓனர் யாருங்கற பேச்சே முதல்ல வராது.

பாட்டுக்கு ஒரு கணக்கு, மண்ணுக்கு ஒரு கணக்கு

"அந்த இடத்துக்குப் பேர் வந்ததே அவராலதானே, அதுக்கு ஒரு மதிப்பு இல்லையா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. சட்டம் இதை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கு.

பாட்டு ஒரு சொத்து. 1957ஆம் வருஷத்து காப்புரிமைச் சட்டப்படி உருவாக்கினவருக்கு அதுல உரிமை பிறக்குது. படத்துக்காகக் காசு வாங்கிட்டுப் போட்ட பாட்டுன்னா தயாரிப்பாளருக்கு என்ன, இசையமைப்பாளருக்கு என்னன்னு பெரிய சண்டையே இருக்கு. 2012ல சட்டத்தைத் திருத்தி, இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில பங்குன்னு உறுதி பண்ணினாங்க. ஆனா இந்த உரிமைக்கு ஆயுள் உண்டு. படைச்சவர் இறந்து 60 வருஷம் ஆனா பாட்டு பொதுச் சொத்து.

மண்ணு வேற. அதுல நீங்க என்ன படைச்சீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. யார் பேருக்கு எழுதியிருக்குன்னுதான் கேப்பாங்க. அதுக்கு ஆயுளும் கிடையாது. ஒரு சதுர அடிக்குள்ள ஆயிரம் பாட்டு பிறந்திருந்தாலும் பத்திரத்துல நாலு எல்லை மட்டும்தான் எழுதுவாங்க.

இதுக்கு எதிர்ப் பக்கத்துல ஏ.ஆர். ரஹ்மானைப் பாருங்க. கோடம்பாக்கத்துல தன் வீட்டோட சேர்த்தே பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டிக்கிட்டார். 1992ல ரோஜா வந்த காலத்துல இருந்தே அவர் வேலை அங்கதான். 2005ல ஏ.எம். ஸ்டுடியோஸ். 2008ல கே.எம். இசைக் கல்லூரி. ரெண்டு பேர்ல யார் பெரியவர்ங்கற சண்டைக்கு நான் வரலை. ஒருத்தர் வளர்ந்த காலத்துல ஸ்டுடியோங்கறது முதலாளிகளோட கோட்டை, இசையமைப்பாளர் அங்க போய் வேலை செய்வார். இன்னொருத்தர் வந்த காலத்துல கம்ப்யூட்டரும் சிந்தசைசரும் வந்து, வீட்டுக்குப் பின்னாடி ஒரு அறையிலயே ஸ்டுடியோ வைக்கலாம்ங்கற நிலைமை. தொழில்நுட்பம் மாறினப்போ சொத்து யார் கையில இருக்கும்ங்கறதும் மாறிப்போச்சு.

ரத்தமும் பத்திரம் இல்ல

அனுமதி உரிமை ஆகாது, சரி. சொந்த ரத்தம்னா?

சென்னை தியாகராய நகர்ல சிவாஜி கணேசனோட "அன்னை இல்லம்". நடிகர் திலகம் வீடுன்னு தமிழ்நாட்டுக்கே தெரியும். சிவாஜியோட பேரன் சம்பந்தப்பட்ட ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் வாங்கின கடன் திரும்பி வரலை. வட்டியோட சேர்ந்து பல கோடி ஆச்சு. கடன் கொடுத்தவங்க நீதிமன்றம் போனாங்க. 2025 மார்ச்ல அன்னை இல்லத்தை ஜப்தி பண்ண சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுது. ஊரே பதறிப்போச்சு.

உடனே நடிகர் பிரபு நீதிமன்றத்துக்கு வந்தார். "இந்த வீட்டுக்கு நான் மட்டும்தான் உரிமையாளர். கடன் வாங்கினதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு சொன்னார். அவரோட அண்ணன் ராம்குமார் தரப்பும் அந்த வீட்டுல தனக்குப் பங்கு இல்லன்னு சொல்லிடுச்சு. ஏப்ரல் மாசம் ஜப்தி உத்தரவு ரத்து.

பாத்தீங்களா? தாத்தா வீடுன்னு பேரன் கடன் அந்த வீட்டு மேல வந்து நிக்கப் பாத்துது. அதைத் திருப்பி அனுப்பினது, வீடு யாருக்குன்னு தெளிவா எழுதி வெச்சிருந்த காகிதம். "நம்ம குடும்பத்து வீடு"ன்னு பொதுவாச் சொல்லிக்கிட்டு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எழுதி வைக்காம போனா?

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரல்ல இறந்தார். மின்னசோட்டாவுல பெய்ஸ்லி பார்க்னு வீடும் ஸ்டுடியோவும் சேர்ந்த பெரிய வளாகம், ஏகப்பட்ட பாட்டு உரிமை. உயில் கிடையாது. உடன்பிறந்தவங்களுக்கு நடுவுல சொத்து பிரிஞ்சு முடியறதுக்கு 2022 ஆச்சு. அதுக்குள்ள வாரிசுகள்ல ரெண்டு பேர் உயிரோட இல்ல.

நம்ம பக்கம் இதே மாதிரி பெரிய கதை போயஸ் கார்டன் வேதா நிலையம். 1967ல ஜெயலலிதாவோட அம்மா சந்தியா வாங்கின இடம். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் தேதி இறந்தப்போ உயில்னு எதுவும் வெளிய வரலை. கணவரோ குழந்தையோ இல்லாத ஒரு இந்துப் பெண் உயில் எழுதாம இறந்தா, முதல்ல அப்பா அம்மா, அவங்களும் இல்லன்னா அப்பாவோட வாரிசுகள்னு 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் வரிசை போட்டு வெச்சிருக்கு. அதனால அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் வாரிசுன்னு 2020 மே மாசம் உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. அரசாங்கம் நினைவில்லம் ஆக்கறதுக்காக சுமார் 67.9 கோடி ரூபாயை நீதிமன்றத்துல கட்டி வீட்டைக் கையகப்படுத்துச்சு. 2021 நவம்பர்ல அதுவும் ரத்தாகி, டிசம்பர்ல சாவி வாரிசுகள் கைக்குப் போச்சு. 5 வருஷம்.

நீங்க உயில் எழுதலைன்னா, உங்களுக்காக அரசாங்கம் ஏற்கனவே ஒண்ணு எழுதி வெச்சிருக்கு. அதுல இருக்கற வரிசை உங்க மனசுல இருக்கற வரிசையா இருக்கணும்னு அவசியம் இல்ல.

இதுக்கெல்லாம் நேர் எதிரா எஸ்.பி. பாலசுப்ரமணியம். 2020 பிப்ரவரியில நெல்லூர்ல இருந்த தன் பூர்வீக வீட்டை வேத பாடசாலைக்குன்னு காஞ்சி மடத்துக்குத் தன் கையாலயே கொடுத்துட்டார். அதே வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி அவர் இல்ல. உயிரோட இருக்கும்போதே கொடுத்ததால, அவர் என்ன நினைச்சார்னு பின்னாடி யாரும் ஊகிக்க வேண்டிய அவசியமே வரலை.

பதிவு பண்ணினா போதுமா?

இங்க ஒரு முக்கியமான விஷயம். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவாகறது பத்திரம். உங்க உரிமை உண்மைன்னு அரசாங்கம் உத்தரவாதம் கொடுக்கறதில்ல. விக்கிறவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கான்னு விசாரிக்கறது பதிவு அதிகாரியோட வேலை இல்லன்னு 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுல தெளிவாச் சொல்லுச்சு. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறை ஆவணம், முக்கியமான சாட்சி, ஆனா அது மட்டுமே உரிமையை உண்டாக்காது. அதனாலதான் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூணையும் சேர்த்து வெச்சுப் பாக்கச் சொல்றாங்க. வில்லங்கச் சான்றைப் பழைய லாக் ஃபைல் மாதிரி நினைச்சுக்கோங்க. யார் யாருக்கு எப்ப எழுதினாங்கன்னு வரிசையா இருக்கும்.

காகிதம் பொய் சொல்லும்ங்கறது நம்ம பக்கத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பக்கத்துல இருக்கற ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2008ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனது, 50 லட்சம் டாலருக்கு மேல விலை போய், கைமாறின வரலாறுன்னு ஒரு காகிதத்தோடதான். காகிதம் இருந்தது, அது பொய். 2014ல சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்தது.

எங்க வீட்டுக் கணக்கு

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம்னு நினைக்காதீங்க. எங்க வீட்டு மனையிலயே ஒரு பிரசாத் ஸ்டுடியோ இருக்கு.

எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. மாமா தவறினதுக்கு அப்புறம் இங்க வந்து 26 வருஷம் ஆச்சு. மனை அப்பா தன் சம்பாத்தியத்துல வாங்கினது. தாத்தா சொத்தா இருந்தா கதையே வேற. இன்னைக்குச் சட்டத்துல மகளுக்கும் சம பங்கு, அதை இன்னொரு எபிசோடுல பேசலாம். அப்பா அன்னைக்குச் சொன்னது ஒரே வரி: "நீ இருக்கற வரைக்கும் இரும்மா." அத்தை முந்திரிக்கொட்டை உடைக்கப் போன காசுல, மாடு வித்த காசுல, பின்பக்கம் ரெண்டு ரூம் போட்டு ஓட்டை மாத்தி ஒட்டுத்தளம் போட்டுக்கிட்டாங்க. ஒரு பில்லு கிடையாது.

பிரசாத் ஸ்டுடியோ கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு உறைச்சுது. இந்தக் கதையில நான் இளையராஜா இடத்துல இல்ல. அப்பாவுக்கு அப்புறம் வர்ற தலைமுறை இடத்துல இருக்கேன். வாக்குக் கொடுத்தவர் அப்பா. அந்த வாக்கைக் காப்பாத்தறதா வேண்டாமான்னு நாளைக்கு முடிவு பண்ணப்போறது நானும் என் தங்கச்சியும். எங்களுக்குப் பிறகு எங்க பிள்ளைங்க. அவங்களுக்கு அத்தையை யாருன்னே தெரியாம இருக்கலாம்.

அப்பாகிட்ட எடுத்துச் சொன்னப்போ கோவம் வந்துடுச்சு. "ஏண்டா, என் தங்கச்சி என் வீட்டுல இருக்கறதுக்குப் பத்திரம் வேணுமா? ஊர் சிரிக்கும்டா." அத்தை அடுப்படியில இருந்தே பதில் சொன்னாங்க: "உங்க காலத்துக்கு வேணாம்ணே. உங்களுக்கப்புறம் பேசப் போறவன் இவன். இவனை எனக்குத் தெரியும். இவனுக்கு வரப்போற பொண்டாட்டியை எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் பேச்சு நகர்ந்தது. வக்கீல்கிட்ட கேட்டோம். வழி ரெண்டு சொன்னார். அந்தப் பகுதியை மட்டும் அளந்து, அத்தை பேருக்கே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். இல்லன்னா அத்தை ஆயுள் வரைக்கும் அனுபவிக்கலாம், அதுக்கப்புறம் எங்களுக்குன்னு ஆயுட்கால உரிமை வெச்சு எழுதலாம். ரெண்டுமே பதிவு பண்ணணும். அத்தைக்குப் பிள்ளை இல்ல, ரெண்டாவது போதும்னு அவங்களே சொன்னாங்க. அப்பா முதலாவதையே எழுதச் சொன்னார். "கொடுத்தா முழுசாக் கொடுக்கணும்"னு ஒரே வார்த்தை. சர்வேயர் வந்து அளந்துட்டுப் போயிருக்கார். தை பிறந்ததும் பதிவு.

நீங்க இந்த வாரம் பாக்க வேண்டியது

இந்த எபிசோடு கேக்கற நிறைய பேர் வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க. சித்தப்பா மனையில வீடு கட்டின அண்ணன், வாய்மொழியாப் பாகம் பிரிச்சு உழுதுக்கிட்டிருக்கற பங்காளி, தாத்தா பேர்ல இருந்து மாறாத கூட்டுப் பட்டா. எல்லாரும் நல்லா இருக்கற வரைக்கும் பிரச்சனையே கிடையாது. நம்ம மாவட்டத்துல ரோடு வேலை, சுரங்கம்னு எவனாவது நிலம் கேட்டு வந்து நிக்கிற அன்னைக்குத்தான் எல்லாரும் டிரங்குப் பெட்டியைத் திறப்பாங்க.

அதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டுக்கோங்க. நாம இருக்கற இடத்துக்கு மூலப் பத்திரம் யார் பேர்ல? நாம அங்க வாடகையில இருக்கோமா, அனுமதியில இருக்கோமா, உரிமையில இருக்கோமா? நாம போட்ட காசுக்கு ஏதாவது சாட்சி இருக்கா? வாக்குக் கொடுத்தவர் இல்லாமப் போனா அந்த வாக்கை யார் காப்பாத்துவாங்க?

கடைசிக் கேள்விக்கு ஒரு ஆள் பேர் பதிலா வந்துச்சுன்னா, அந்த ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், எழுதி வாங்கிடுங்க. அதை சந்தேகம்னு நினைக்காதீங்க. கொடுத்தவர் நல்ல மனசு அவர் காலத்தோட முடிஞ்சு போகாம இருக்கறதுக்கு அது ஒண்ணுதான் வழி. உயில் எழுதறதுக்கும் பெரிய செலவு கிடையாது. வெள்ளைத்தாள்ல எழுதலாம், ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போடணும். பதிவு கட்டாயம் இல்ல, பண்ணினா நல்லது.

அடுத்த எபிசோடுல பாட்டு உரிமை. ஒரு பழைய பாட்டைப் புதுப் படத்துல போட்டா யாருக்குக் காசு போகணும், யார் கேஸ் போடலாம்னு பேசுவோம். கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. போன தடவை அனுப்பினவர் மாதிரி மோட்டார் ரூம்ல நின்னு பேசாதீங்க, ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. வர்றேன் மக்களே.